கருவாயனுக்கு அமாவாசை எப்படித் தெரியும்?

கேள்வி:

கால்நடை டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில் இருக்கும் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே அப்பா கடலில் தவறிவிட்டார். கடல்பாசி எடுத்து, ஆடு வளர்த்து எங்கள் மூன்று பேரையும் ஆளாக்கியது அம்மாதான். ஐந்து வாரத்துக்கு முன் மாரடைப்பில் அவரும் போய்விட்டார். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். லீவு போட்டு வந்தவள் இன்னும் திரும்பவில்லை. அண்ணன் சவுதியில் இருக்கிறார், தம்பி காலேஜ் படிக்கிறான்.

அம்மா விட்டுப்போனது ஒன்பது ஆடுகள், கொஞ்சம் கோழிகள், கருவாயன் என்று ஒரு கிழட்டு நாய். இது போக ஏலம் போடுகிற இடத்தில் திரியும் நாய், பூனைகளுக்கும் தினமும் ஏதாவது வைப்பார். கழித்துப் போட்ட மீனில் பேத்தையை ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் போடுவார். கருவாயன் இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை. அம்மாவோடு பாசிக்குப் போகிற பக்கத்து வீட்டு அத்தை கஞ்சி ஊற்றினால் மட்டும் கொஞ்சம் குடிக்கிறது. சில நாள் தொடர்ந்து விடியும் முன்பே கரைக்குப் போய் மதியம் வரை உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் ஒரு வாரம் வாசலை விட்டு நகர்வதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் போகிறது என்கிறான் தம்பி. நாய்க்கு அமாவாசை எப்படித் தெரியும்? அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் நிறைய என் போனில் இருக்கிறது, முக்கால்வாசி ஆடுகளை அதட்டுகிற சத்தம்தான். அதைப் போட்டுக் காட்டினால் கருவாயன் தேறுமா?

இறந்தவர் வளர்த்த நாய் ஊளையிட்டால் வீட்டுக்கு ஆகாது, ராமேஸ்வரத்தில் கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். ஆட்டை மொத்தமாக விற்று வீட்டைப் பூட்டு என்கிறார் அண்ணன். எனக்கு மனசு வரவில்லை. தலைத்திவசத்துக்குள் அம்மா நினைவாக, அவர் நேசித்த ஜீவன்களுக்கு உபயோகமாக ஏதாவது செய்ய ஆசை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்களைவிட ஆட்டு மேல்தான் அம்மாவுக்குப் பிரியம் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் கிடாயை விற்றுவிட்டு அன்றைக்கு முழுக்கச் சாப்பிடாமல் கிடப்பார். இப்போதும் சில நேரம் அப்படித் தோன்றுகிறது.

பின்குறிப்பு: முந்தாநாள் அம்மாவின் கட்டிலில் கிடந்த கருவாயனைத் தம்பி தூக்கப் போனபோது லேசாகப் பல் பட்டுவிட்டது. பெரிய காயம் இல்லை.

பெயர் வேண்டாம், ராமநாதபுரம் மாவட்டம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பின்குறிப்பு என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் முதல் பதில். கடிதத்தைப் படித்ததும் உங்கள் எண்ணுக்குச் செய்தி அனுப்பினேன், தம்பிக்கு ஊசி போட ஆரம்பித்துவிட்டதாக நீங்களும் பதில் போட்டீர்கள். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். நாயின் பல் தோலைக் கீறினாலே போதும், வளர்ப்பு நாயா தெருநாயா என்றெல்லாம் பார்க்காமல், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும், ஊசி இலவசம்தான். முதல் நாள் போட்ட பிறகு 3, 7, 28 ஆம் நாட்களிலும் போடுவார்கள். சில இடங்களில் கையில் தசையில் போடும் முறை உண்டு, அதில் 14 ஆம் நாளும் சேரும். ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு வைத்தியம் கிடையாது. அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறோம்.

கருவாயனுக்கு ரேபிஸாக இருக்குமோ என்று நீங்கள் கேட்கவில்லை. நான் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. சாப்பிடாத, குணம் மாறிய, கடித்த ஒரு நாய் என்றால் எந்தக் கால்நடை மருத்துவருக்கும் முதலில் ஓடுகிற நினைப்பு அதுதான். ஆனால் ரேபிஸ் வந்த நாய் அறிகுறி தெரிந்த பத்து நாளைத் தாண்டுவது அரிது. கருவாயன் ஐந்து வாரமாக இப்படி இருக்கிறது, கஞ்சி குடிக்கிறது, ஆள் அடையாளம் தெரிகிறது. அதனால் இந்தச் சோர்வுக்கு ரேபிஸ் காரணமாக இருக்காது. இருந்தாலும் கடித்த நாளிலிருந்து 10 நாள் அதைக் கண்ணில் வைத்திருங்கள். ஆண்டுதோறும் போட வேண்டிய தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். இல்லை என்றால் இந்த 10 நாள் முடிந்ததும் போட்டுவிடலாம். அது கட்டிலில் கிடந்தால் தூக்க வேண்டாம். கிழட்டு நாய்க்கு இடுப்பு வலி சாதாரணம், வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினால் சுருக்கென்று வலிக்கும். கீழே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தானே இறங்கி வரும்.

அடுத்தது சாப்பாடு. நாய் துக்கம் கொண்டாடுமா என்று கேட்டால், இந்தக் கரையில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஆமாம் என்றுதான் சொல்வேன். ஆளைத் தேடும், அவர் படுத்த இடத்தில் படுக்கும், பாதிச் சாப்பாட்டோடு எழுந்து போகும். சில வாரம் முதல் சில மாதம் வரை இது நீளலாம். ஆனால் எல்லாவற்றையும் துக்கத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஜப்பானில் எஜமானர் இறந்த பிறகும் 1925 முதல் 1935 வரை ரயில் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த ஹச்சிகோ கதையை இந்நேரம் உங்களுக்கு யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். அந்த நாயின் உடல் உறுப்புகளைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். பின்னாளில் பரிசோதித்தபோது புற்றுநோயும் இதயப்புழுவும் இருந்தது தெரிந்தது. துக்கத்தோடு நோயும் இருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால், காது மடலுக்குள்ளும் கால் விரலிடுக்கிலும் உண்ணி மொய்த்திருந்தால், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நம் பக்கத்து நாய்களுக்கு இது ரொம்பச் சகஜம். மாத்திரைக்குக் கேட்கும், விட்டுவிட்டால் மூக்கில் ரத்தம் வரும் அளவுக்குப் போகும். தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் சிறுநீரகத்தைப் பரிசோதிக்க வேண்டும். வண்டி வைத்துக் கொண்டுபோக வழியில்லை என்றால் 1962 க்குப் போன் செய்யுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி கிராமத்துக்கே வரும்.

சரி, அமாவாசைக்கு வருவோம். கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பிடித்த இடம் இதுதான். கருவாயன் நிலாவைப் பார்த்துக் கணக்குப் போடவில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றும், பார்களில், அதாவது கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டுகளில், இருக்கிற பாசி கைக்கு எட்டும். உங்கள் ஊர்ப் பெண்கள் அந்த நாட்களில்தான் கிளம்புகிறார்கள். மாதத்தில் சுமார் 12 நாள், மற்ற நாள் பாசி வளரட்டும் என்று இந்தக் கரைப் பெண்கள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அன்றைக்கு விடியும் முன் தெருவில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை வாசலில் உட்கார்ந்து பாருங்கள். அடுத்தடுத்த வீடுகளில் கதவு திறக்கும். ஒருத்தி இன்னொருத்தியைப் பெயர் சொல்லி எழுப்புவாள். வலைப்பையை உதறுகிற சத்தம் கேட்கும். விரலில் சுற்றுகிற துணியில் காய்ந்த பாசி வாடை அடிக்கும். கருவாயனுக்கு அதுதான் அமாவாசை. இத்தனை வருடம் இந்தச் சத்தம் கேட்டால் அம்மா கிளம்புவார், அதுவும் கூடப் போகும், மதியம் கூடத் திரும்பி வரும். இப்போதும் சத்தம் கேட்கிறது, போகிறது. திரும்புவதற்குத்தான் துணை இல்லை.

அதனால் அதைக் கட்டிப்போட வேண்டாம். போகட்டும். பக்கத்து வீட்டு அத்தையிடம் ஒரு வேலை சொல்லுங்கள். கரையேறி வரும்போது கருவாயனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கூடவே நடத்திக் கூட்டிவந்து, அவர் வீட்டு வாசலில் கஞ்சியோ, வேகவைத்து முள் எடுத்த மீனைப் பிசைந்த சோறோ வைக்கட்டும். கருவாடு வேண்டாம், கிழட்டு நாய்க்கு அவ்வளவு உப்பு ஆகாது. போவதற்கு ஒரு காரணம் இருந்ததைப் போல வருவதற்கும் ஒரு காரணம் அமைந்துவிட்டால் மெதுவாக நடப்பு திரும்பும். அம்மாவின் பழைய சேலை ஒன்றைத் துவைக்காமல் அது படுக்கிற இடத்தில் போடுங்கள்.

வாய்ஸ் மெசேஜை அதற்குப் போட்டுக் காட்ட வேண்டாம் என்றே சொல்வேன். குரல் கேட்கும், எழுந்து ஓடும், வீடு முழுக்க முகர்ந்து தேடும், ஆள் இருக்காது. ஒரு தடவை கேட்டுவிட்டால் குடி முழுகிவிடாது, தினமும் செய்யாதீர்கள். அந்தப் பதிவுகளை நீங்கள் கேளுங்கள், கையில் நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு. எதற்கு என்று ஆடுகளைப் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

ஊளை விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். காணாமல் போன ஆளைக் கூப்பிடுகிற சத்தம் அது. எமனும் இல்லை, தோஷமும் இல்லை. கருவாயனை ராமேஸ்வரத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன நடக்கும்? அங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஏற்கெனவே நாய்க்கூட்டம் இருக்கிறது, புதிதாக வருகிற கிழட்டு நாயை ஒரு ராத்திரி கூட நிம்மதியாக விடாது. பசியில் வாடும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960 ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். சொந்தக்காரர்களிடம் சட்டத்தைச் சொன்னால் போதும், பேச்சு நின்றுவிடும். அதற்காக அதைத் திருப்பூருக்கும் கூட்டிப் போகாதீர்கள். மணலில் அவிழ்த்துவிட்டு வளர்ந்த நாய்க்கு ஒற்றை அறை வீட்டு மாடிப்படி கொடுமை. அத்தை சம்மதித்தால் அவரிடமே இருக்கட்டும். சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் மாதம் இவ்வளவு என்று நீங்கள் அனுப்பிவிடுங்கள். சும்மா பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்காதீர்கள், நாலு மாதத்தில் அது பாரமாகிவிடும்.

இனி ஆடுகள். விற்கச் சொல்லும் அண்ணன் மேல் உங்களுக்குக் கோபம் இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. விற்பது அம்மாவுக்குச் செய்கிற துரோகம் என்று நினைக்கிறீர்கள் போல. அப்படி இல்லை. உங்கள் அம்மாவே விற்றவர்தானே. ஆனால் எப்போது, எதை, யாருக்கு என்று தெரிந்து விற்றார். அண்ணன் சொல்கிற மொத்த விற்பனையில் அந்தக் கணக்கு இல்லை, என் ஆட்சேபம் அது மட்டும்தான்.

உங்கள் பக்கத்தில் பெரும்பாலும் கொடி ஆடுதான். நெட்டைக்கால், வெள்ளை உடம்பில் கருப்புத் தெறித்திருந்தால் கரும்போறை, சிவப்பென்றால் செம்போறை. ஒன்பதில் எத்தனை சினை என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் கடைசி ஒன்றரை மாதத்தில்தான் மடி காட்டிக்கொடுக்கும். இங்கேதான் அந்த வாய்ஸ் மெசேஜ்கள். எந்த ஆடு கிடாய்க்குக் கத்துகிறது, எது கிடாயோடு சேர்ந்தது, எதற்கு வயிறு உப்பியது, எதற்கு மருந்து ஊற்றினார் என்று அம்மா பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார். தேதியைப் போனே காட்டும். ஆட்டுக்குச் சினைக்காலம் சுமார் 150 நாள், எண்ணிப் பாருங்கள். அதட்டுகிற சத்தம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அதட்டலில் எந்த ஆட்டுக்கு என்ன பெயர், எது அடங்காதது, எது மற்றதை முட்டித் தீனியைப் பிடுங்குவது எல்லாம் இருக்கும். மருந்தகத்தில் எங்களிடம்கூட அவ்வளவு விவரமான பதிவேடு கிடையாது.

சினை ஆட்டை, முக்கியமாகக் கடைசி இரண்டு மாதத்தில் இருப்பதை, வண்டியில் ஏற்றாதீர்கள். குட்டி விழுந்துவிடும். யார் வாங்கினாலும் ஈன்று, குட்டி மேய ஆரம்பித்த பிறகு கொடுங்கள். கிடாய்களை விற்கலாம். பக்ரீத் வரை வைத்திருக்க முடிந்தால் நல்ல விலை வரும். வியாபாரி கையால் தூக்கிப் பார்த்துச் சொல்கிற மதிப்புக்குக் கொடுக்காமல் தராசில் நிறுத்தி உயிர் எடைக்குப் பேசுங்கள். துக்க வீட்டில் விலை அடித்துக் கேட்பார்கள், தெரிந்தே கேட்பார்கள். மீதிப் பெட்டை ஆடுகளை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, விடுவது உங்கள் ஊரில் இன்னும் இருக்கும். வளர்ப்பவருக்குப் பாதி குட்டி, உங்களுக்குப் பாதி. அம்மாவின் ஆட்டு வம்சம் ஊரிலேயே இருக்கும், நீங்கள் வேலையையும் விட வேண்டாம். யாருக்கு விட்டாலும் இரண்டு விஷயத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். ஒன்று ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசி. மூக்கொழுகி, வாய் புண்ணாகி, கழிந்து, மந்தையையே கொண்டுபோகிற நோய். ஒரு தடவை போட்டால் சுமார் மூன்று வருடம் தாங்கும். இன்னொன்று, ஐப்பசி மழைக்கு முன் துள்ளுமாரி ஊசி. மழைக்குத் துளிர்த்த புல்லை வயிறு முட்ட மேய்ந்த கொழுத்த குட்டிதான் காலையில் செத்துக் கிடக்கும். பில்லி சூனியம் என்று ஊரில் கதை கட்டுவார்கள்.

சீமைக்கருவேல் நெற்றை மட்டுமே போட்டு வளர்க்காதீர்கள் என்றும் சொல்லி வையுங்கள். கோடையில் அதுதான் கிடைக்கும், ஆடும் ஆசையாகத் தின்னும். கூடவே உடைமரக் காயும் இலைதழையும் சேர வேண்டும்.

கோழிகளை அத்தையிடமே கொடுத்துவிடுங்கள், அதற்கு யோசனை தேவையில்லை.

எங்களைவிட ஆட்டு மேல்தான் பிரியம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆடு வளர்த்த வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர் என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். விடியற்காலையில் கடலுக்குப் போய்விட்டு, வந்ததும் நேரே பட்டிக்குப் போகிற அம்மாவைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு வேறு எப்படித் தோன்றும்? நான் உங்கள் அம்மாவைப் பார்த்ததில்லை, ஆனால் நீங்கள் எழுதியதில் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. கிடாயை விற்ற அன்று சாப்பிடாமல் கிடந்த அந்த அம்மா, அடுத்த வருடம் பள்ளிக்கூடம் திறந்தபோதும் விற்றார். அதற்கு அடுத்த வருடமும். எந்த வருடமாவது ஒரு கிடாயை வைத்துக்கொண்டு உங்களில் ஒருவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாரா? தம்பியையும் அண்ணனையும் கேட்டுப் பாருங்கள்.

ஏலக்கூடத்து நாய்களைப் பற்றி நீங்கள் கேள்வியாகக் கேட்கவில்லை, ஆனால் அம்மா செய்ததில் மிகக் கவனமாகத் தொடர வேண்டியது அதுதான். பேத்தையை ஒதுக்கிப் போடுவார் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த மீனின் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கிற விஷம் வேகவைத்தாலும் போகாது. தின்ற நாய்க்குக் கால் இழுத்து, மூச்சு நின்றுபோகும். மாற்று மருந்து கிடையாது. கெளுத்தி முள் தொண்டையில் குத்தி நிற்கும். வலையிலிருந்து கழித்துக் கொட்டிய குவியலில் இதையெல்லாம் பார்த்துப் பொறுக்குவதற்குக் கண் பழக வேண்டும். அந்த வேலையை எடுத்துக்கொள்ளப் போவது தம்பி என்றால் அத்தையோடு நின்று பழகிய பிறகு செய்யட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த 61 நாளும் ஏலம் இளைத்துப்போகும், நாய்களும் இளைத்துப்போகும். பசித்த நாய்தான் ஆட்டுக்குட்டியைப் பிடிக்கும், பிள்ளைகளைத் துரத்தும். அம்மா நினைவாக வருடத்தில் கொஞ்ச நாள் மட்டும் சோறு போட முடியும் என்றால், பிறந்தநாள், திதி பார்க்காமல் இந்த 61 நாளைத் தேர்ந்தெடுங்கள்.

எங்கே போடுவது என்பதில் மட்டும் அம்மா செய்ததை மாற்றச் சொல்வேன். மணலில் போடாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலம், ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரத்தில் வனத்துறை முட்டைகளை எடுத்துவந்து கம்பி வேலிக்குள் புதைத்துக் காப்பதற்கு ஒரு முக்கியக் காரணமே நாய்கள்தான். மோப்பம் பிடித்து ஒரே ராத்திரியில் குழியைக் காலி செய்துவிடும். கரையில் சோறு போட்டால் நாய்க்கூட்டம் கரையிலேயே தங்கிவிடும். ஊருக்குள், பிள்ளைகள் விளையாடாத, வயதானவர்கள் நடமாட்டம் குறைந்த ஓரமாக ஒரே இடம், ஒரே நேரம் என்று வையுங்கள். 2023 ஆம் ஆண்டு வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும் இப்படித்தான் சொல்கின்றன. தின்று முடித்ததும் இலை, தட்டை எடுத்துவிடுங்கள், ஊரில் சண்டை வருவது பெரும்பாலும் அந்த எச்சிலால்தான். ஆமை முட்டை எங்காவது கண்ணில் பட்டால் தோண்டாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். நல்ல எண்ணத்தில் எடுத்து வேறிடத்தில் புதைத்தாலும் சட்டப்படி தப்பு, முட்டையும் கெட்டுப்போகும்.

நாய்களின் எண்ணிக்கைக்கு நிரந்தர வழி கருத்தடைதான். ஊராட்சியும் கால்நடைத் துறையும் சேர்ந்து செய்ய வேண்டியது. நீங்கள் ஒருவர் மனு கொடுத்தால் நகராது. பாசி எடுக்கும் பெண்கள் குழுவாகப் போய்க் கேட்கட்டும்.

தலைத்திவசத்துக்கு வருகிறேன். அண்ணன் கண்டிப்பாக பெரிய பிளெக்ஸ் வைக்கலாம் என்பார். வைக்கட்டும், அது அவருக்கு ஆறுதல். நீங்கள் இரண்டு காரியம் செய்யலாம் என்பது என் யோசனை.

முதலாவது, மேலே சொன்ன அந்த நோட்டு. வாய்ஸ் மெசேஜில் ஆரம்பித்து, அத்தையிடமும் அம்மாவோடு கடலுக்குப் போன மற்றப் பெண்களிடமும் கேட்டு எழுதுங்கள். அம்மா எப்படிப்பட்டவர் என்று பொதுவாகக் கேட்டால் தங்கமான மனுசி என்று சொல்லி அழுதுவிட்டுப் போய்விடுவார்கள். யார் வீட்டு ஆடு ஈன முடியாமல் கிடந்தபோது அம்மாவைக் கூப்பிட்டார்கள், குட்டி கால் மாறி வந்தபோது என்ன செய்தார், பால் குடிக்காத குட்டிக்கு எதைப் புகட்டினார், எந்தப் பாரில் மரிக்கொழுந்து பாசி நன்றாக இருக்கும் என்பார், கையை எது அறுத்தது என்று கேளுங்கள். கிராமத்தில் எங்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் இப்படிப்பட்ட பெண்களைத்தான் கூப்பிடுவார்கள். பாதி பிரசவத்தை நாங்கள் போவதற்குள் முடித்திருப்பார்கள், அதுவும் சுத்தமாக. கையை வேப்பெண்ணெயில் நனைத்துக்கொண்டு நிற்கிற ஒரு ஆத்தாளிடம் நானே பாடம் கேட்டிருக்கிறேன். பாசி எடுக்கும் பெண்களில் பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015 இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்ததால் அவரைப் பற்றி நாலு பேர் எழுதினார்கள். மற்றவர்களைப் பற்றி எழுத அவர்கள் பிள்ளைகளை விட்டால் யாரும் இல்லை. கோபித்துக்கொண்டது, கடன் வாங்கியது, யாரோடு பேசாமல் இருந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டாவது, ஒரு தண்ணீர்த் தொட்டி. பிரசவத்தில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நட்டதும், மாடு உரசிக்கொள்ள ஆவுரிஞ்சிக் கல் நட்டதும் நம் பக்கத்துப் பழைய வழக்கம்தானே, அந்த வரிசையில் இதுவும் ஒன்று. சித்திரை, வைகாசியில் உங்கள் கரையில் நல்ல தண்ணீருக்கு மனிதர்களே குடத்தோடு அலைகிறோம், ஆடு மாடு எங்கே போகும்? ஒன்றரை அடி உயரத்துக்கு மேல் வேண்டாம், குட்டி எட்டிக் குடிக்க வேண்டும். உள்ளே ஒரு ஓரத்தில் செங்கல்லால் இரண்டு படி வைக்கச் சொல்லுங்கள். தவறி விழுந்த கோழிக்குஞ்சும் பூனைக்குட்டியும் ஏறி வெளியே வர அதுதான் வழி. அடியில் ஒரு பக்கம் சரிவு கொடுத்து அழுக்குத் தண்ணீர் போக ஓட்டை வைக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கழுவிக் காயவிட்டு உள்புறம் சுண்ணாம்பு அடித்தால் பாசம் பிடிக்காது. நிழல் இருக்கிற இடமாகப் பாருங்கள், உடைமரத்தடி கிடைத்தால் நல்லது. அம்மா பெயரைப் போடுவதா வேண்டாமா என்பது உங்கள் மூன்று பேர் விருப்பம்.

உவர்த் தண்ணீரை நிரப்பினால் ஆடு வேறு வழியில்லாமல் குடிக்கும், சினை ஆட்டுக்கு அது நல்லதல்ல. நல்ல தண்ணீர் ஊற்று எங்கே இருக்கிறது, குழாய் எந்தெந்த நாள் வருகிறது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் யார் காசு கொடுப்பது, தினமும் காலையில் நிரப்புவது யார் என்பதை அத்தையோடும் தம்பியோடும் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டு அப்புறம் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.